எக்ஸ்ரே பார்க்க ஒரு திரை போதும்

பாப்பா,

நீ என்னிடம் கேட்டது சின்ன விஷயம். கிளினிக்கைப் புதுப்பிக்கும்போது எக்ஸ்ரே பார்க்க நல்லதாக இரண்டு மானிட்டர் பார்த்து வையுங்கள், ஒன்று உங்கள் நாற்காலிக்கு, ஒன்று என் நாற்காலிக்கு, நான் வருவதற்குள் மாட்டிவிடலாம் என்றாய். இதற்குப் பதில் சொல்ல ஒரு போன் போதும். கடையையும் மாடலையும் சொன்னால் முடிந்தது. நீயும் பல முறை கேட்டுவிட்டாய். ஒவ்வொரு முறையும் "பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்று சொல்லி வைத்தேன். அது பொய்யில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதைப் போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை. உன் குரலைக் கேட்டால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு, நம் தொழிலில் இருக்கும் உன் சிநேகிதர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. எனக்கு அதில் கூச்சம் இருக்கிறது, ஆனாலும் காட்டு. மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நான் எதையும் சட்டென்று வாங்குகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். உனக்கு முதல் சைக்கிள் வாங்கிய கதையை அம்மா இன்றும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள். கடை கடையாகப் போய் பிரேக்கை அழுத்திப் பார்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, வீட்டுக்கு வந்து யோசித்து, மறுபடி போய், ஒரு வழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்தபோது நீ வளர்ந்திருந்தாய், சைக்கிள் உனக்குச் சின்னதாக இருந்தது. "இம்புட்டு யோசிக்கிற மனுசன் என்னைய மட்டும் எப்படி ஒரே நாள்ல பாத்துட்டுச் சரின்னு சொன்னாரு?" என்று அம்மா கேட்பாள். "பயத்துல சொல்லிட்டேன்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அது வேடிக்கைக்காகச் சொன்னது மட்டுமல்ல. எனக்குப் பயம் கூடப் பிறந்தது. தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம்தான் என்னை ஒழுங்கான பல் டாக்டராக வைத்திருக்கிறது என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். பயந்து பயந்து ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கிறவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நினைத்தேன்.

நம் வேலையில் பார்ப்பது என்றால் சாம்பல் நிறத்தைப் பார்ப்பது. பல்லின் எக்ஸ்ரேயில் கறுப்பும் வெள்ளையும் யாருக்கும் தெரியும். அடைத்த பல் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், வாய்க்குள் இருக்கும் வெற்றிடம் கறுப்பாக இருக்கும். நோய் இந்த இரண்டிலும் இருப்பதில்லை. வேரைச் சுற்றிய எலும்பு ஒரு சாம்பல், அந்த வேர் நுனியில் சீழ் கோத்து எலும்பு கரையத் தொடங்கினால் அதைவிட ஒரு நூல் கூடுதலாக இருண்ட சாம்பல். இந்த ஒரு நூல் வித்தியாசத்தைக் காட்டுவதற்குத்தான் மானிட்டர். சினிமா பார்க்க நன்றாக இருக்கும் திரை இதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணைப் பறிக்கும் பிரகாசத்தில் இருட்டான சாம்பல்கள் எல்லாம் வெளுத்து ஒன்றாகிவிடும். பளபளக்கும் கண்ணாடித் திரையில் டாக்டரின் முகமும் பின்னால் இருக்கும் ஜன்னலும் தெரியும், வேர் நுனி தெரியாது.

இவ்வளவும் தெரிந்த நான் நம் கிளினிக்கில் என்ன வைத்திருந்தேன் என்பதை நீ பார்த்திருக்கிறாய். பிலிம் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே படம் காட்டும் சென்சார் வாங்கிய புதிதில், கம்ப்யூட்டர் மானிட்டர்தானே என்று, வீட்டில் நீ கேம் விளையாடிக்கொண்டிருந்ததையே எடுத்துப்போய் வைத்தேன். அதையும் வாசல் கண்ணாடிக் கதவைப் பார்க்க வைத்தேன். அதற்குக் காரணம் நம் ஊர் வழக்கம். இங்கே பல் வலி என்று யாரும் தனியாக வருவதில்லை. ஆத்தூரிலிருந்து ஒருவர் வந்தால் கூடவே மச்சினன், சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் உள்ளே வந்து நாற்காலியைச் சுற்றி நிற்பார்கள். படம் எடுத்தால் எல்லாருக்கும் காட்ட வேண்டும். "எங்க, எந்தப் பல்லுங்க?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். காட்டாவிட்டால் காசு பிடுங்க எதையோ மறைக்கிறான் என்று நினைப்பார்கள். அதனால் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். சாயங்கால வெயில் கதவு வழியாக நேராகத் திரையில் விழும். வெயிலுக்கு ஈடுகொடுக்க வெளிச்சத்தைக் கூட்டினேன். ஒரு வருடம் கழித்து இன்னும் கூட்டினேன். பிறகு கூட்டுவதற்கு இடமில்லாமல் போனது. வெயிலால்தான் கூட்டுகிறேன் என்று நினைத்தேன். மழைக்காலத்திலும் ஏன் கூட்டினேன் என்று ஒரு நாளும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நீ கேட்டதும் முதலில் போனது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பாய் கடைக்கு. உனக்குப் பிரிண்டர் வாங்கிக் கொடுத்த அதே கடை. பாய்க்கு என்னைத் தெரியும், என் சுபாவமும் தெரியும். நான் நுழைந்ததும் கடைப் பையனிடம் "சாருக்கு ஒரு ஸ்டூல் போடுப்பா, சார் சாப்பாட்டுக்குத்தான் போவாரு" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பல்லு பாக்கவா சார்? அப்ப பெரிசா எடுத்துக்கங்க. கடைவாய்ப் பல்லு கதவு சைஸுக்குத் தெரியும்."

"பெரிசு வேண்டாம் பாய். இருட்டு சரியாத் தெரியணும்."

"சார், என் சர்வீஸ்ல வெளிச்சம் நல்லாத் தெரியணும்னு கேட்டுத்தான் ஆளு வந்திருக்கு. இருட்டு நல்லாத் தெரியணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

அப்படிச் சொன்னாலும் மனிதர் நல்லவர். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மாறாத திரை வேண்டும், மேல்பூச்சு பளபளக்கக் கூடாது என்றெல்லாம் நான் சொன்னதைக் கேட்டு, இரண்டு மூன்று மானிட்டர்களை எடுத்துக்கொண்டு போய் கிளினிக்கில் வைத்துப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

மானிட்டரைச் சோதிக்க ஒரு படம் இருக்கிறது, நீயும் கல்லூரியில் பார்த்திருப்பாய். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை படிப்படியாகக் கட்டங்கள். முழுக் கறுப்புக் கட்டத்துக்குள் அதைவிடக் கொஞ்சமே வெளுத்த ஒரு சின்னக் கட்டம் இருக்கும். முழு வெள்ளைக் கட்டத்துக்குள் கொஞ்சமே மங்கிய ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் கட்டங்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தால் திரை தேறியது. தெரியாவிட்டால் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் திருத்திப் பார்க்க வேண்டும், திருத்தியும் தெரியாவிட்டால் அந்தத் திரை நமக்கு உதவாது. நான் வாசல் கதவுக்குத் திரைச்சீலை போட்டேன். தலைக்கு மேல் இருந்த டியூப் லைட்டை அணைத்தேன். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று செத்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தேன். கறுப்புக் கட்டம் வெறும் கறுப்பாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

எல்லா மானிட்டரும் அப்படியே. திருத்தினேன், மறுபடி திருத்தினேன், திருப்பிக் கொடுத்தேன். பாய் இன்னும் விலை கூடியதைக் கொடுத்தார். அதிலும் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் அம்மா பின்கட்டு வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட வந்தாள். "ஏங்க, சோறு ஆறுது. இன்னும் அந்தக் கறுப்பையேவா பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். உள்ளே ஒரு சின்னக் கட்டம் இருக்க வேண்டும், தெரியவில்லை என்றேன். குனிந்து பார்த்தாள். "இருக்கே. இங்கன இருக்கு பாருங்க. வாங்க சாப்பிட." நான் எழுந்து போனேன். ஆனால் நம்பவில்லை. என்னைச் சாப்பாட்டுக்கு எழுப்புவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பொய் சொன்னதாக ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அப்படி நினைத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிகளுக்கென்றே செய்த மானிட்டரைப் பார்ப்போம் என்று மதுரையில் ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன். கம்பெனி ஆள் பெட்டியோடு நேரில் வந்தார். நாற்பது வயது இருக்கும், பேச்சில் பணிவு. திரையின் மேல் ஒரு சின்னக் கருவியை ஒட்டி வைத்து, சாம்பல் படிகளை அதுவே அளந்து சரிசெய்யும்படி விட்டார். எனக்கு மனதுக்குள் சந்தோஷம். இதுதான் முறை, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு அதே சோதனைப் படத்தைப் போட்டார்.

"பாருங்க சார், உள்ள இருக்கிற ஸ்கொயர் க்ளியரா இருக்கு."

"இல்லையே."

"சார், இந்த இடம்."

"எனக்குத் தெரியலங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு "வேணும்னா ப்ரைட்னஸ் கூட்டித் தாரேன் சார்" என்றார். விற்க வந்தவர் இருக்கிறது என்றுதானே சொல்வார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் சில நாள் வைத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். படியிறங்கும்போது அவர் தயங்கி நின்றார், "சார், கண்ணு கடைசியா எப்ப செக் பண்ணீங்க?" என்றார். ஏற்கெனவே இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, பேப்பரில் பொடி எழுத்தையும் படிக்கிறேன் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். நான் கடுமையாகப் பேசுவது அபூர்வம். அன்று வந்தது. இப்போது யோசித்தால், உள்ளே ஏதோ ஒன்று எனக்கு முன்பே தெரிந்துகொண்டிருக்கிறது போல.

அந்த மானிட்டர் கிளினிக்கில் இருந்த நாட்களில்தான் பேச்சியம்மாள் வந்தார். நிலக்கோட்டையில் பூ கமிஷன் மண்டி வைத்திருக்கிறாரே, நீ பார்த்திருக்கிறாய், நம் வீட்டுக்கு விசேஷம் என்றால் பூ அனுப்புவார். கீழ் வலது கடைவாய்ப் பல்லில் வலி என்று அதற்கு முன்பே இரண்டு தடவை வந்திருந்தார். இரண்டு தடவையும் படம் எடுத்துப் பார்த்து, வேர் நன்றாக இருக்கிறது, ஈறுதான் வீங்கியிருக்கிறது என்று சுத்தம் செய்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பியிருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக, துணைக்கு யாரையும் அழைத்து வராமல் அன்று தனியாக வந்தார்.

"டாக்டரய்யா, நீங்க ஈறுங்கிறீங்க. என் ஈறு என்னமோ பல்லுங்குது. ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க."

சிரித்துக்கொண்டே மறுபடி படம் எடுத்தேன். அந்தப் புது மானிட்டரில் போட்டேன். நிதானமாகப் பார்த்தேன். முன்பக்க வேர், பின்பக்க வேர், இரண்டையும் சுற்றி எலும்பு. சீரான சாம்பல். "வேரு சுத்தமா இருக்கும்மா" என்றேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். "புது டிவியா? நல்லாத் தெரியுது." பிறகு கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஏன் டாக்டரய்யா, இது ரெண்டும் வேரா?"

"ஆமாம்மா."

"அப்ப இந்த வேருக்கு அடியில இல்லாத கறுப்பு அந்த வேருக்கு அடியில மட்டும் இருக்கே, அது என்ன? மொட்டு கணக்கா."

"அப்படி ஒண்ணும் இல்லைம்மா."

"இருக்குங்கய்யா." கையை நீட்டி விரலைத் திரையில் வைத்தார். "இந்தா. லேசாத்தான் இருக்கு. ஆனா இருக்கு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் விரல் நுனிக்கு அருகே குனிந்து பார்த்தேன். விரலை எடுத்தார். அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது எலும்பு. பக்கத்தில் இருக்கும் எலும்பு எப்படி இருந்ததோ அப்படியே. வீட்டுப் பக்கக் கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டேன். கை ஈரத்தோடு வந்தாள். ஒன்றும் விளக்காமல், இந்தப் படத்தில் கறுப்பாக எங்காவது தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே இடத்தில் விரலை வைத்தாள்.

பாப்பா, விற்க வந்தவரைச் சந்தேகப்பட்டேன், சோற்றுக்குக் கூப்பிட்ட உன் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். வலியோடு உட்கார்ந்திருக்கிற பெண் எதற்காக இல்லாததை இருக்கிறது என்று சொல்லப்போகிறார்? நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அய்யாவுக்குத் தெரியலையா?"

"தெரியலம்மா."

"அப்ப போன ரெண்டு தடவையும்?"

"அப்பவும் தெரிஞ்சிருக்காதும்மா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய்ப்பு கிடைத்திருக்கும். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார். "நான் வாயாடி, கேட்டுப்புட்டேன். கேக்காதவங்க என்ன செய்வாங்கய்யா?" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். நான் மதுரையில் இருக்கும் வேர் சிகிச்சை டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, முதல் தடவையே வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லி எடுத்துவிட்டாராம். பேச்சியம்மாள் போனில் சொன்னார். சொல்லும்போதும் குறையாகச் சொல்லவில்லை, "வலி விட்டுச்சு, அது போதும்" என்றார்.

அதன்பிறகு அம்மாவோடு மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். சொட்டு மருந்து விட்டு, கருவியில் நெற்றியை வைத்துப் பார்க்கச் சொல்லி, மங்கலான எழுத்துகளைப் படிக்கச் சொல்லி எல்லாம் முடித்துவிட்டு, டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி வயதினால் தேய்ந்திருக்கிறது. கறுப்பு எழுத்து வெள்ளைத் தாளில் இருந்தால் படிக்க முடியும், ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்கிய சாம்பல்களைப் பிரித்தறியும் சக்தி குறைந்துவிட்டது. இருப்பதை ஓரளவு காக்கப் பார்க்கலாம், போனதைத் திருப்ப முடியாது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். தெரியாத இடம் இருட்டாகவோ வெற்றிடமாகவோ இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்குமே, ஏன் வரவில்லை என்று. கண் அப்படிக் காட்டிக்கொடுக்காது சார், தெரியாத இடத்தைப் பக்கத்தில் இருக்கும் நிறத்தைக் கொண்டு மூளையே நிரப்பிவிடும், பார்க்கிறவருக்கு முழுதாகத்தான் தெரியும் என்றார். நோய் இருந்த இடத்தில் நான் நல்ல எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் நல்ல எலும்பு.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, மெல்ல மெல்ல வருவது, இரண்டு வருடமாக இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தப் பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால், அந்த நாளுக்கு முன்னால் நான் பார்த்தது சரி, பின்னால் பார்த்தது தவறு என்று ஒரு கோடு போட்டுக்கொள்வேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் வாழ்க்கையையாவது நான் வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது எந்த இடத்தில் கோடு போடுவது? தெருவில் யாராவது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு போனால், இவர் என்னிடம் வந்தவரா என்று பார்க்கிறேன். என்னைக் கண்டு வணக்கம் சொல்கிறவர்களிடம் பல் எப்படி இருக்கிறது என்று கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்காமல் போகவும் பயமாக இருக்கிறது.

உனக்கு நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விட என்னை அழுத்துகிறது. சென்னையில் நல்ல இடத்தில் இருந்தாய். நம் ஊருக்கு வா, அப்பா பக்கத்து நாற்காலியில் இருக்கிறேன், சந்தேகம் என்றால் திரும்பிக் கேட்டால் போதும் என்று சொல்லிச் சொல்லி வரவழைத்தவன் நான். நீ என்னைப் போல யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய். இப்போது நீ வந்து உட்காரும்போது பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். படத்தை நான் பார்க்கிறேன், நீங்கள் பல் மட்டும் எடுங்கள், சுத்தம் செய்யுங்கள் என்பாய். வேண்டாம். படத்தில் தெரியாதது வாய்க்குள் மட்டும் எப்படித் தெரியும்? சொத்தைக்கும் நல்ல பல்லுக்கும் நடுவில் இருப்பதும் அதே ஒரு நூல் நிற வித்தியாசம்தான். நான் கிளினிக் கதவை மூடிவிட்டேன். வருகிறவர்களிடம் மகள் வருகிறாள், அதுவரை வேறு டாக்டரைப் பாருங்கள் என்று அம்மா சொல்கிறாள். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஒரு மானிட்டர் போதும். மதுரை ஆள் கொண்டுவந்ததே நல்ல திரை, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதையே நாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். பாய் கடையில் கொடுத்ததிலும் ஒன்று தேறும் என்று அம்மாவை வைத்துப் பார்த்ததில் தெரிந்தது, விலை பற்றி யோசித்தால் அதை எடு, பெரிய நஷ்டமில்லை. எதை எடுத்தாலும் வாசலைப் பார்க்க வைக்காதே. படம் பார்க்கும்போது தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிடு. வெளிச்சத்தை ஒரு முறை சரியாக வைத்த பிறகு கூட்டாதே, கூட்ட வேண்டும் என்று கை போனால் திரையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் உன்னைச் சந்தேகி. மாதம் ஒரு தடவை அந்தச் சோதனைப் படத்தைப் போட்டுப் பார், நீ மட்டும் பார்க்காமல் இன்னொருவரையும் பார்க்கச் சொல், அவர் சொல்வது உனக்குப் பிடிக்காவிட்டாலும் நம்பு. சுற்றி நிற்கிற மச்சினன்களையும் சித்திகளையும் வெளியே போகச் சொல்லாதே. திரையை அவர்கள் பக்கமும் திருப்பு. அவர்களுக்குப் படம் புரியாது என்று நான் நினைத்தேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு நாளாவது நின்று காது கொடுத்திருந்தால் இது எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

நான் எடுத்த படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கின்றன. நீ வந்ததும் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்க்க ஆரம்பி. எங்கே நிறுத்துவது என்று என்னைக் கேட்காதே. கூப்பிட வேண்டியவர்களை நான் கூப்பிடுகிறேன். போனை எடுத்து, நான் தவறாகப் பார்த்துவிட்டேன், திரும்ப வாருங்கள் என்று சொல்கிற வேலையை நீ செய்ய வேண்டாம். எனக்கு அதற்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அது என் வேலை. பூவும் காயும் விற்றுவிட்டு வலியை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள், டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்று பல்லைத் தேய்த்துவிட்டுப் படுத்தவர்கள், அவர்களில் சிலருக்கு இந்நேரம் காலம் கடந்திருக்கும். அதை எதைக் கொண்டும் நேராக்க முடியாது. யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அதை நான் மனதுக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. நீயும் ஆறுதல் சொல்லாதே.

ஆனால் அவர்களுடைய படங்களுக்கு முன்னால் நீ பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, இடது பக்கம் மென்றால் சுருக்கென்கிறது என்று நீ சொன்னாய். நாற்காலியில் படுத்தாய், நான் படம் எடுத்தேன். "நீயும் ஒரு தடவ பாரும்மா" என்றேன். "அப்பா பாத்தாச்சுல்ல, பெறகு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பட்டாசு வாங்கப் போய்விட்டாய். நான் ஒன்றுமில்லை என்று சொன்னேன், நீயும் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வலி போய்விட்டதா, நான் சொன்னதற்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாயா என்று தெரியவில்லை. மதுரையிலிருந்து வந்த அன்றே அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. படத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும், விளக்கை அணைத்துவிட்டு, நீயே பார். எனக்கு அது சுத்தமாக இருக்கிறது.

அப்பா